அடையாற்றின் இரு கரைகள்: கிருஷ்ணமூர்த்தியின் மறுப்பும் நமது அழைப்பும்

சென்னையில் அடையாற்றின் தென்கரையில் பிரம்மஞான சபையின் தோட்டம் உள்ளது. வடகரையில், கிரீன்வேஸ் சாலையில், வசந்த விஹார் உள்ளது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட தொலைவு சிறிதே. ஆயினும் அதனைக் கடக்க ஜே. கிருஷ்ணமூர்த்திக்கு இருபது ஆண்டுகளுக்கு மேலாயின. அவரது மறுப்பை இறையியல் மாணவர் எங்ஙனம் மதிப்பிடுதல் தகும் என்பதே ஈண்டு நாம் ஆராய விரும்புவது.

1909-இல் அடையாற்றுக் கடற்கரையில் சிறுவனாயிருந்த அவரைக் கண்ட லெட்பீட்டர், வரவிருக்கும் உலக ஆசானுக்கு ஏற்ற பாத்திரம் இவனே எனத் துணிந்தார். 1911-இல் அவரைத் தலைவராகக் கொண்டு ஒரு நட்சத்திரச் சங்கமும் நிறுவப்பெற்றது. தந்தை நாராயணையா தம் புதல்வர் இருவரையும் மீட்கக் கருதி அன்னி பெசன்ட் அம்மையார்மீது வழக்குத் தொடுத்தார். சென்னை உயர்நீதிமன்றம் தந்தைக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. 1914-இல் பிரிவி கவுன்சில் அதனைத் தள்ளியது. தந்தையும் வளர்ப்புத் தாயும் வழக்காடினர். சிறுவர்களின் விருப்பமோ இருதரப்பு உரிமைகளுக்கும் பின்னே நின்றது.

1929 ஆகஸ்ட் 3 அன்று ஹாலந்து நாட்டு ஓமனில், பெசன்ட் அம்மையாரின் முன்னிலையிலேயே, கிருஷ்ணமூர்த்தி அச்சங்கத்தைக் கலைத்தார். பிறர் சூட்டிய மகுடத்தைக் கழற்றியதோடு, சங்கத்திற்கு வந்த சொத்துகளையும் கொடுத்தவரிடமே சேர்ப்பித்தார். இந்த நேர்மையைக் குறைத்துரைப்பது நமக்கு அழகன்று.

நம் திருச்சபைகளிலும், பிள்ளை பிறக்குமுன்னரே அவனை ஊழியத்திற்கெனப் பொருத்தனை செய்யும் பெற்றோர் உளர். அவ்வாறு இறையியற் கல்லூரிக்கு வந்த மாணவன், "இது என் தாயின் அழைப்பு, என்னுடையது அன்று" எனத் தன்னுள் வருந்துவானாயின், அவனுக்கு நாம் கூறும் மறுமொழி யாது? பொருத்தனையை முறிப்பது பாவம் என அச்சுறுத்துவோமாயின், லெட்பீட்டரைக் குறைகூற நமக்கு என்ன தகுதி உண்டு?

சாமுவேலும் தாயால் பொருத்தனை செய்யப்பட்டவனே. எனினும், ஆண்டவர் அவனைப் பெயர் சொல்லி அழைத்து, அவனது மறுமொழிக்குக் காத்திருந்தார். ஏலி அவனுக்காக மறுமொழி கூறவில்லை. கேட்கும் வகையைக் கற்பித்து ஒதுங்கினார். மறுநாள் தமக்கு எதிரான தீர்ப்பையே அச்சிறுவன் வாயினின்று ஏற்றார். ஆவிக்குரிய அதிகாரத்தின் எல்லை இதுவே.

கிருஷ்ணமூர்த்தியினின்று நாம் வேறுபடும் இடமும் இதுவே. அவர் எல்லா வழிகாட்டிகளையும் மறுத்தார். ஆயினும், 1986 ஜனவரியில் வசந்த விஹாரில் தம் இறுதிப் பொழிவுகளை நிகழ்த்தும்வரை அவரை நாடிச் சென்று கேட்டோர் பலர். ஆசானை மறுத்தவரையே ஆசானாகக் கொண்டோரும் உண்டு. மனிதன் தனித்து நின்று விடுதலை காண்பது எளிதன்று. மனிதர் இட்ட நுகத்தை மறுத்த பவுல், அதே நிருபத்தில், அன்பினால் ஒருவருக்கொருவர் ஊழியஞ் செய்யவும் பணிக்கிறார் (கலாத்தியர் 5:1, 13). கிறிஸ்தவ சுயாதீனம் மறுப்பில் தொடங்கலாம். ஆனால் அழைத்தவருக்குத் தானே அளிக்கும் மறுமொழியில்தான் அது நிறைவுறும்.

"இல்லை" என்று சொல்ல உரிமையற்றவன் கூறும் "ஆம்" ஆண்டவருக்கு உரியதாகுமோ? தம்மிடம் பயிலும் ஒவ்வொருவருக்கும் அவ்வுரிமையை அளிக்க ஆயர்களும் ஆசிரியர்களும் அஞ்சாதிருப்பார்களாக.