செயற்கைக் குளிர்துயில்: பெயர் பொருந்துமா?

1950 டிசம்பரில் பிரான்சு நாட்டின் ரோன்-பூலங்க் நிறுவனத்தில் பால் சார்ப்பாந்தியே குளோர்புரோமசின் என்னும் மருந்தைத் தயாரித்தார். கடற்படை அறுவை மருத்துவர் ஆன்ரி லபோரி 1951-52இல் அதை வேறு மருந்துகளுடன் சேர்த்து நோயாளிகளுக்குக் கொடுத்து, பனிக்கட்டிப் பைகளால் உடலைக் குளிர்வித்தார். அறுவையின் அதிர்ச்சியை உடல் தாங்கிக்கொள்ளும் என்பது அவர் எண்ணம். இம்முறையைச் 'செயற்கைக் குளிர்துயில்' என்றார். பெயர் அழகானதுதான், இயற்பியல் கற்பிக்கும் எனக்கு அது உறுத்துகிறது.

குளிரில் வைத்த எலி என்ன செய்கிறது? தோலின் இரத்தக் குழாய்கள் சுருங்கி வெப்ப இழப்பைக் குறைக்கின்றன. தசைகள் நடுங்கி வெப்பத்தை உண்டாக்குகின்றன. பழுப்புக் கொழுப்பும் எரிகிறது. இவற்றை நடத்துவது மூளையிலுள்ள ஹைப்போதலாமஸ். குளோர்புரோமசின் அங்கே தலையிடுகிறது, நடுக்கத்தை அடக்குகிறது, தோலின் குழாய்களை விரிக்கிறது. பிறகு அந்த எலி ஏறக்குறைய மேசைமேல் வைத்த வெந்நீர்ச் செம்புதான். சூழல் எவ்வளவு குளிரோ அவ்வளவு விரைவாக ஆறும்.

குளிர்துயிலும் தரை அணில் அப்படியன்று. அதன் உடல் 5° செ. அளவுக்குக் குளிர்ந்திருக்கும்போதும் கட்டுப்பாடு போய்விடுவதில்லை. சூழல் உறைநிலைக்குக் கீழே சென்றால் வெப்ப உற்பத்தியைக் கூட்டிக்கொள்ளும். விழிக்கும்போது வெளியுதவி எதுவுமின்றிச் சில மணி நேரத்தில் 37° செ. அளவுக்கு ஏறிவிடும். மருந்தின் பிடியிலுள்ள எலிக்கு இது இயலாது. மனிதனுக்கோ 28° செ.க்குக் கீழே இதயத் துடிப்பே குழம்பிவிடக்கூடும். அணில் அடுப்பைத் தணித்து வைக்கிறது. மருந்து விறகையே இழுத்துவிடுகிறது.

இன்னொரு குறை. 'இம்மருந்து உடல் வெப்பநிலையைக் குறைக்கும்' என்று எழுதுவோர் பலர் அறையின் வெப்பநிலையைச் சொல்வதில்லை. வெப்பமான அறையில் அதே மருந்து எலியின் உடல் வெப்பநிலையை உயர்த்துகிறது! வியர்வையையும் அது குறைப்பதால், இதை உட்கொள்வோர் கடுங்கோடையில் வெப்பத் தாக்குக்கு எளிதில் ஆளாகின்றனர்.

விலங்கின் அளவையும் மறக்கக் கூடாது. 30 கிராம் சுண்டெலியும் 60 கிலோ மனிதனும் ஒரே வடிவினர் என்று கொண்டால், ஒரு கிராம் எடைக்குச் சுண்டெலியின் புறப்பரப்பு சுமார் 12 மடங்கு. (மாணவர்கள் 2000இன் கனமூலத்தைக் கண்டு சரிபார்க்கலாம்.) சுண்டெலி சாதாரண அறையிலேயே குளிர்ந்துவிடும், லபோரிக்குப் பனிக்கட்டிப் பைகள் தேவைப்பட்டதில் வியப்பில்லை.

லபோரியின் பங்கைக் குறைத்து மதிப்பிட நான் வரவில்லை. நோயாளிகள் சலனமின்றி அமைதியாக இருப்பதைக் கவனித்துச் சொன்னவர் அவர்தான். 1952இலேயே பாரிசில் டிலேயும் டெனிக்கரும் இம்மருந்தை மனநோய்க்குக் கொடுத்துப் பயன் கண்டனர். அந்தப் பயன் நிலைத்தது. 'குளிர்துயில்' என்ற பெயரை மட்டும் அணிலுக்கே விட்டுவிடலாம்.