குற்றமும் நிலுவையும்: தோட்டச் சட்டங்கள் பற்றிய ஒரு நோக்கு

மலையகத் தொழிலாளர் பற்றிய ஆய்வுகள் கூலியையும் குடியுரிமையையும் விரிவாக நோக்கியுள்ளன. ‘குற்றம்’ என்னும் சொல் தோட்டங்களில் யார்மீது சுமத்தப்பட்டு வந்துள்ளது என்பதும் அவ்வாறே நோக்கத்தக்கது.

1865 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சேவை ஒப்பந்தக் கட்டளைச் சட்டத்தின்கீழ், முன்னறிவித்தலின்றித் தோட்டத்தை விட்டு நீங்கிய தொழிலாளி சிறைத்தண்டனைக்குரியவனானான். நட்டஈட்டோடு முடியக்கூடிய ஒப்பந்த மீறல் சிறைவாயிலைத் திறந்தது. கங்காணியிடம் பட்ட கடனோ துண்டுச் சீட்டில் எழுதப்பட்டுத் தோட்டத்துக்குத் தோட்டம் அவனைத் தொடர்ந்தது. துண்டு முறை 1921 இலேயே ஒழிந்தது.

இன்று நுவரெலியாவிலோ ஹற்றனிலோ கொழுந்து பறிக்கும் பெண்ணின் சம்பளத்தில் 8 வீதம், அவள் கைக்கு வருமுன்னரே, 1958 ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டத்தின்படி செக்ரோலில் கழிக்கப்படுகின்றது. தொழில்கொள்வோர் தம் பங்கு 12 வீதத்தையும் சேர்த்து நிதிக்கு அனுப்புதல் வேண்டும். அனுப்பாதவிடத்து, தாமதத்திற்கேற்ப 5 முதல் 50 வீதம் வரை மிகைக்கட்டணம் விதிக்கப்படும்; தொழில் ஆணையாளரின் சான்றிதழைக் கொண்டு நீதவான் அத்தொகையைத் தண்டப்பணம்போல் அறவிடலாம். அந்தப் ‘போல்’ என்னும் உவமவுருபே இங்கு கருதற்பாலது. சட்டத்தில் குற்றப்பிரிவுகள் இல்லாமலில்லை. எனினும் நடைமுறை நாடுவது அறவீட்டையே. தொகை வந்துவிட்டால் விடயம் முடிந்தது. தொழிற்சாலைத் தேயிலைத்தூளை மடியில் மறைத்தவள் அதைத் திருப்பிக் கொடுத்தாலும் திருடியே. அவளது சேமிப்பை வைத்துக்கொண்டவரோ வெறும் கடனாளி. அரசுடைமையான மக்கள் தோட்ட அபிவிருத்திச் சபையும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனமும் இந்நிதியை நிலுவையில் வைத்தமை பாராளுமன்றத்திலேயே பேசப்பட்டது. அங்கும் வழங்கிய சொல் ‘நிலுவை’ என்பதே.

இது மலையகத்துக்கு மட்டும் உரியதன்று. ‘வெள்ளைச்சட்டைக் குற்றம்’ என்ற கருத்தை 1939 இல் முன்வைத்த அமெரிக்கச் சமூகவியலாளர் எட்வின் சதர்லாந்து, 70 பெருங் கம்பனிகளுக்கு எதிரான 980 தீர்ப்புகளை ஆராய்ந்தார். அவற்றுள் குற்றவியல் நீதிமன்றங்கள் வழங்கியவை 158 மட்டுமே. 1949 இல் அந்நூல் வெளிவந்தபோது கம்பனிகளின் பெயர்களும் நீக்கப்பட்டிருந்தன. முழுமையான பதிப்பு 1983 இலேயே வந்தது. ஆய்வு நூலிற்கூடப் பெயர் மறைக்கப்படும் சலுகை எந்தத் தேயிலைத்தூள் திருடிக்கு உண்டு?

தோட்டத்துரையையோ பணிப்பாளரையோ சிறையிலடைத்தால் தொழிலாளிக்குப் பணம் கிடைத்துவிடுமா என்பது நியாயமான வினாவே. முதுமையில் லயத்துக் காம்பராவில் காத்திருப்பவளுக்குத் தேவை பணந்தான். ஆயின் அறவீடும் தண்டனையும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல. சம்பளத்திலிருந்து கழித்த நிதிப்பணத்தைச் செலுத்தத் தவறும் தொழில்கொள்வோர், தம்மிடம் ஒப்படைக்கப்பட்ட பணத்தை நேர்மையின்றிக் கையாண்டவராகக் கருதப்படுவர் என்று இந்தியா 1973 இல் தன் தண்டனைச் சட்டத்தில் விளக்கம் சேர்த்தது. 2024 இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டமும் அதனைக் கைவிடவில்லை. இலங்கையின் 1883 ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையும் அதே இந்தியக் கோவையின் வழிவந்ததே. நம்பிக்கை மோசடிப் பிரிவு அதிலும் உண்டு.