கரையிறங்கியவர்களின் கடிதங்கள்

நொய்கெல்னில் நாம் வேலை செய்யும் உணவகத்திலிருந்து பத்து நிமிடம் நடந்தால் கிர்ஷ்காஸ என்றொரு ஒடுங்கிய தெரு வரும். திங்கட்கிழமை எமக்கு லீவு. அன்று அந்தப் பக்கம் நடப்பது வழக்கமாகிவிட்டது. அங்கே முதலாம் பிரீட்ரிஹ் வில்ஹெல்ம் என்ற பிரஷ்ய அரசனின் சிலை நிற்கிறது. கத்தோலிக்க ஆட்சியின் கீழ் தம் மதத்தோடு வாழமுடியாமல் பொஹேமியாவைவிட்டு வெளியேறிய புரட்டஸ்தாந்து மக்களை 1737இல் இங்கு குடியமர்த்தியவன் அவன். 18 குடும்பங்களுக்கு வீடும் நிலமும் கிடைத்தன. அவர்களுடைய சந்ததியினர் 1912இல் இந்தச் சிலையை நிறுவினார்கள். பீடத்தில் தம்மை நன்றியுள்ள சந்ததியினர் என்றே குறிப்பிட்டிருக்கிறார்கள். அந்த வருடம்தான் றிக்ஸ்டோர்ப் என்ற பழைய பெயர் எடுபட்டு இந்த ஊர் நொய்கெல்ன் ஆனது.

வந்து 175 வருடம் கழித்தும் ஓர் அகதிச் சமூகம் நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. அகதியின் எழுத்து ஏன் இவ்வளவு சுலபமாக நன்றியறிவிப்பாக அல்லது துன்பப் பட்டியலாக மாறிவிடுகிறது என்ற கேள்வியே எம்மை உறுத்துகிறது.

இந்தப் பொஹேமியரில் ஒரு பகுதியினர் ஹெர்ன்ஹூட் சகோதர சபையைச் சேர்ந்தவர்கள். அந்தச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொருவரும் தம் வாழ்க்கை வரலாற்றைத் தாமே எழுதிவைப்பர். இறந்தபின் அது சபையோர் முன் வாசிக்கப்படும். எந்த இருளில் கிடந்தோம், எவ்வளவு பட்டோம், கடவுள் எப்படிக் கைதூக்கிவிட்டார் என்ற ஒழுங்கில் அவை பெரும்பாலும் அமையும். இதற்கு ஜேர்மன் மொழியில் 'லேபன்ஸ்லவுப்' என்று பெயர். வேலை விண்ணப்பத்தோடு இணைக்கும் சுயவிபரத்துக்கும் இன்று அதே சொல்தான். ஒன்று சபைக்கு எழுதுவது, மற்றது முதலாளிக்கு எழுதுவது. இரண்டிலும் எழுதுபவனுக்குக் கேட்பவன் யார் என்பது தெரியும். எதைச் சொல்லவேண்டும், எதை விடவேண்டும் என்பதும் தெரியும்.

இதே சபையின் சகோதரர்கள் 1760இல் தமிழ்க்கரையான தரங்கம்பாடியில் போய் இறங்கினார்கள். அவர்களுக்கும் 54 வருடம் முந்தி அங்கு இறங்கிய ஜேர்மனியர் பர்த்தலோமேயு சீகன்பால்கு. அவர் அனுப்பிய கடிதங்களையும் அவரைச் சுற்றி எழுதப்பட்டவற்றையும் கடந்த மாரிகாலம் முழுவதும் அகராதியின் துணையோடு வாசித்தோம். அந்த வாசிப்பைப் பற்றியதே இக்கட்டுரை.

சீகன்பால்கு 1682இல் சக்சனியிலுள்ள புல்ஸ்னிற்ஸ் என்ற சிற்றூரில் பிறந்தவர். சிறுவயதிலேயே தாய் தந்தையரை இழந்தவர். ஹாலே பல்கலைக்கழகத்தில் தொடங்கிய படிப்பு உடல்நலக் குறைவால் இடைநடுவில் நின்றது. (இந்த இடத்தில் எமக்கு அவர்மேல் ஓர் ஒட்டுதல் வந்ததை ஒளிக்கவில்லை.) டென்மார்க் அரசன் நான்காம் பிரெடெரிக்கின் கட்டளையோடு, ஹென்றிக் புளூட்சோ என்ற தோழருடன் 1706 ஜூலை 9ஆம் திகதி தரங்கம்பாடியில் இறங்கினார். அரச கட்டளை இருந்தும் அங்கிருந்த டேனிஷ் தளபதி ஹாசியுஸ் அவர்களை வரவேற்கவில்லை. இறங்கிய அன்று பொழுதுசாயும்வரை சந்தைச் சதுக்கத்தில் காத்துநிற்க விடப்பட்டார்கள் என்று வரலாற்றை எழுதியோர் சொல்கிறார்கள். 1708 நவம்பர் தொடக்கம் 1709 மார்ச் வரை நான்கு மாதம் அதே தளபதி சீகன்பால்குவைக் கோட்டையில் சிறைவைத்தான்.

இவற்றை வாசிக்கும்போது எம்மவருக்கு எதுவும் புதிதாக இராது. வந்திறங்கிய இடத்தில் காத்திருத்தல், தெரியாத மொழி, காரணம் விளங்காத தடுப்பு எல்லாம் எமக்கும் நடந்தவையே. ஆனால் அவசரப்பட்டுத் தோளில் கைபோட்டுவிடக் கூடாது. அவர் கற்பிக்கப் போனவர். நாம் கேட்டு வந்தவர்கள். அவர் பின்னால் ஓர் அரசனும், ஒரு கோட்டையும், கப்பல்களும் இருந்தன. அவரைச் சிறையிலிட்டவனும் அவரைப்போலவே ஐரோப்பியன்தான். எமது துன்பமும் அவரது துன்பமும் ஒன்றென்று சொன்னால் அது எமக்கும் பொய், அவருக்கும் பொய்.

ஒப்பிடக்கூடியது எழுத்தின் தன்மையை மட்டுமே. அவருடைய கடிதங்கள் ஹாலேயில் பிராங்கே என்ற இறையியலாளரின் மேற்பார்வையில் தொகுக்கப்பட்டு, 1710இலிருந்து 'ஹாலே அறிக்கைகள்' என்ற பெயரில் அச்சாகின. ஐரோப்பாவெங்கும் அவை வாசிக்கப்பட்டன. வாசித்தவர்கள் ஜெபித்தார்கள், பணமும் அனுப்பினார்கள். அந்தப் பணத்தில்தான் பள்ளிக்கூடமும் அச்சுக்கூடமும் நடந்தன. ஆகவே கடிதத்தில் துன்பம் இருக்கவேண்டும், ஆனால் நம்பிக்கை குலையும் அளவுக்கு இருக்கக்கூடாது. வெற்றி இருக்கவேண்டும், ஆனால் இனி உதவி தேவையில்லை என்று தோன்றும் அளவுக்கு இருக்கக்கூடாது. இந்த அளவுகோல் எமக்கு நன்றாகத் தெரியும். ஊருக்கு எழுதும் கடிதத்தில் எல்லாம் சுகம். அகதி விண்ணப்பத்தில் எல்லாம் துக்கம். இரண்டையும் ஒரே கைதான், சிலவேளை ஒரே இரவில், எழுதியது.

இதனால் அவருடைய விசுவாசம் வேடம் என்று நாம் சொல்லவரவில்லை. நான்கு மாதச் சிறையைத் தாங்கவைத்த ஒன்றை வேடம் என்று சொல்வது சிறுபிள்ளைத்தனம். எமது ஆட்களில் ஞாயிற்றுக்கிழமைச் சபைக்குப் போகிறவர்களையும், இதே மாவட்டத்துப் பிறிட்ஸ் பகுதியில் 2013இல் எழுந்த மயூரபதி முருகன் கோயிலுக்குப் போகிறவர்களையும் பார்க்கிறோம். விசா இல்லாத வருடங்களில் அவர்களைச் சட்டம் தாங்கியதைவிடச் சாமி தாங்கியதே அதிகம். நாம் குறைசொல்வது விசுவாசம் வார்ப்புருவாக மாறும் இடத்தை.

அந்த வார்ப்புருவை உடைத்துக்கொண்டு வெளிவரும் பக்கங்களும் அவரிடம் இருக்கின்றன. சிறுபிள்ளைகளோடு நிலத்தில் குந்தியிருந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்ற கதை பலருக்கும் தெரியும். அதற்குப் பிந்திய அவரது நாளாந்த ஒழுங்கு அதைவிட முக்கியமானது. காலை ஏழிலிருந்து எட்டுவரை சொற்களைத் திருப்பிச் சொல்லுதல். எட்டிலிருந்து பன்னிரண்டுவரை தமிழ் நூல்களை மட்டும் வாசித்தல். பக்கத்தில் ஒரு முதிய புலவரும் ஓர் எழுத்தரும் இருப்பர். 1708இல் அவர் செய்த பட்டியலில் 119 தமிழ் நூல்கள் இருக்கின்றன. இங்கே அவர் யாரிடமும் இரக்கம் கேட்கவில்லை. தன் துன்பத்தையே மறந்து எதிரிலிருப்பதைப் பார்க்கிறார். இப்படிப் பார்த்ததன் விளைவாக 1713இல் தமிழர் தெய்வங்களைப் பற்றி ஒரு பெரிய நூலை எழுதி ஹாலேக்கு அனுப்பினார். அதை அங்கே அச்சிடவில்லை. அஞ்ஞானத்தை அழிக்கப் போனவன் அதை ஐரோப்பாவில் பரப்புவதா என்பது பிராங்கேயின் நிலைப்பாடு. அந்நூல் 1867இல்தான் சென்னையில் அச்சேறியது. 154 வருடம்! பணம் தருபவர் எதிர்பார்க்கும் கடிதம் உடனே அச்சாகும், எதிர்பாராதது பெட்டிக்குள் கிடக்கும். இது மிஷனரிகளுக்கு மட்டும் பொருந்துவதல்ல.

கொப்பன்ஹேகனில் 1714இல் ஒரு மிஷன் குழு அமைக்கப்பட்டது. அதன் செயலாளர் வெண்ட் என்பவர். மிஷனரிகள் ஆதி அப்போஸ்தலர்போல ஒன்றுமில்லாமல் ஊரூராகத் திரியவேண்டும், கட்டிடமும் பள்ளிக்கூடமும் எதற்கு என்பது அவரது கட்சி. கணப்பு எரியும் அறையிலிருந்துகொண்டு அடுத்தவனுக்கு வறுமையை விதிக்கும் மனிதர் இவர். அவரிடமிருந்து வந்த கடுமையான கடிதங்கள் சீகன்பால்குவின் கடைசிக் காலத்தை வதைத்தன. 1718இல் புதிய எருசலேம் தேவாலயத்தைத் திறந்துவைத்த அவர், 1719 பெப்ரவரி 23இல் 36 வயதில் இறந்துபோனார்.

இனி, இந்த எழுத்துக்களில் இல்லாதவர்களைப் பார்ப்போம்.

முதலாமவர் அழகப்பன். ஐரோப்பிய மொழிகள் சில தெரிந்த துபாஷி. சீகன்பால்குவுக்கு நாக்காக இருந்தவர். மிஷனரிகளோடு சேர்ந்ததற்காகத் தரங்கம்பாடியிலிருந்து துரத்தப்பட்டு, தஞ்சை அரசில் சிறையும் இருந்தார். சீகன்பால்குவின் நான்கு மாதம் ஒவ்வொரு சரித்திரத்திலும் இருக்கிறது. அழகப்பனின் சிறைக்கு ஒரு வரி கிடைத்தால் பெரிது.

1712க்கும் 1714க்கும் இடையில் தமிழர்கள் மிஷனரிகளின் கேள்விகளுக்குப் பதிலாக எழுதிய 99 கடிதங்கள் ஜேர்மன் மொழியில் 1714இலும் 1717இலும் அச்சாகின. குர்ட் லீபவு என்ற ஆய்வாளர் 1998இல் அவற்றை மீண்டும் பதிப்பித்தார். எமது வாசிப்பில் மிகச் சிறந்த எழுத்து இதுதான். தமிழர்கள் இதில் கெஞ்சவில்லை. கிறிஸ்தவர்களின் குடியை, மாட்டிறைச்சியை, ஒழுக்கத்தை நேரே கேள்வி கேட்கிறார்கள். தம் சமயத்துக்கு நியாயம் சொல்கிறார்கள். ஆனால் அச்சில் அவர்களுக்குப் பெயர் இல்லை. மறுப்புச் சொல்லும் குறிப்புகளோடுதான் அவர்களது குரல் ஐரோப்பாவுக்குப் போனது. அவற்றில் கணிசமானவற்றை எழுதியவர் அழகப்பனே என்று ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர். அப்படியானால் சொந்த ஊரிலிருந்து துரத்தப்பட்ட ஒரு தமிழனின் எழுத்தை ஐரோப்பா பெயரில்லாமல் 18ஆம் நூற்றாண்டிலேயே வாசித்திருக்கிறது. புலம்பெயர் இலக்கியத்தின் தொடக்கத்தை 1980களில் தேடும் எமது விமர்சகர்கள் இதைச் சற்று யோசிக்கலாம்.

இரண்டாமவர் மரியா டொரோதேயா சால்ஸ்மன். சீகன்பால்குவின் மனைவி. 1716இல் கணவனோடு தரங்கம்பாடி வந்தார். மூன்று வருடத்துக்குள் விதவையானார். கடலையும் வெயிலையும் கணவனுக்கு வந்த கடிதங்களையும் அந்த வீட்டுக்குள்ளிருந்து பார்த்தவர் அவர். நாம் வாசித்த பக்கங்களில் அவர் தன் வாயால் பேசும் ஒரு பந்திகூட இல்லை. மிஷனரிக் குடும்பம் என்கிறார்கள். ஆனால் குடும்பத்தில் ஒருவர்தான் எழுதுகிறார், ஒருவர்தான் பாடுபடுகிறார், ஒருவர்தான் விசுவாசிக்கிறார். சுவடிகளைக்கூட இறந்துபோனவர்களின் விதவைகளிடம் வாங்குவித்ததாகச் சீகன்பால்கு எழுதியிருக்கிறார். அந்தப் பெண்கள் ஏட்டை விற்றவர்களாக மட்டும் ஒருகணம் வந்து மறைகிறார்கள்.

இதையெல்லாம் முந்நூறு வருடத்துக்கு முந்தியவர்கள்மேல் சுமத்திவிட்டு நாம் தப்பிவிட முடியாது. ஜேர்மனியிலிருந்து தூண்டில், நோர்வேயிலிருந்து சுவடுகள், பாரிஸிலிருந்து ஓசை என்று எமக்கு முந்திய தலைமுறை நடத்திய சஞ்சிகைகளின் பழைய பிரதிகளை நண்பர்கள் அறைகளில் வாசித்திருக்கிறோம். பனி, கோப்பை கழுவுதல், ஒரு அறைக்குள் ஆறு பேர். முதலில் எழுதியபோது அது உண்மை. பிறகு அதுவும் எமது ஹாலே அறிக்கையாகிவிட்டது. 2009க்குப் பின் வந்த எம்மைப் போன்றவர்களும் அதே வார்ப்பில் போரை ஊற்றுகிறோம். துன்பம் எமது அடையாள அட்டை. அதை நீட்டினால் வாசகர் உள்ளே விடுகிறார்.

சான்றுக்கு எமது எழுத்தையே தருகிறோம். சென்ற வருடம் நாம் வந்திறங்கிய கதையை ஒரு கட்டுரையாக எழுதினோம். முகாம், விசாரணை, நிராகரிப்பு, மேன்முறையீடு, அடுப்படி எல்லாம் அதில் உண்டு. அனுப்புவதற்கு முதல் மனைவியிடம் கொடுத்தோம். சாப்பாட்டு மேசையில் இருந்து முழுவதையும் வாசித்தார். பிறகு கேட்டார்: "இஞ்சேருங்கோ, இதில நான் எங்க இருக்கிறன்?"

தேடிப் பார்த்தோம். ஒரு இடத்தில் 'குடும்பத்தினர்' என்று இருந்தது. அவர் காலை நாலரைக்கு எழும்பி அலுவலகங்கள் துப்புரவு செய்யப் போவது இல்லை. எமக்கு முதல் அவர் இந்த மொழியைப் பேசப் பழகியது இல்லை. விசாரணைக்கு முதல்நாள் திகதிகளைத் திருப்பித் திருப்பிக் கேட்டு எமக்குப் பாடமாக்கியவர் அவர், அதுவும் இல்லை. கோப்பை கழுவும் மெஷினை எப்படித் திறப்பது என்று கையைப் பிடித்துக் காட்டித்தந்த சிரியாக்காரத் தோழனும் இல்லை. அவன்தான் எமது அழகப்பன். அவனுடைய பெயரையும் நாம் எழுதவில்லை.

அந்தக் கட்டுரையை அனுப்பவில்லை. திருப்பி எழுதத் தொடங்கியிருக்கிறோம். நாம் இரவு வேலை முடித்து வந்து படுத்துச் சில மணித்தியாலத்தில் அவர் எழும்பிப் போய்விடுவார். ஆகவே திங்கட்கிழமை பின்னேரங்களில்தான் இருவரும் இருந்து கதைக்க முடிகிறது. அவர் சொல்வார், நாம் எழுதுவோம். சில இடங்களில் "அப்பிடி இல்லை" என்று வெட்டச் சொல்கிறார். கடவுளைப் பற்றி நாம் எழுதிய ஒரு பந்தியையும் வெட்டச் சொன்னார். தான் அப்போது கும்பிட்டது எமக்காக அல்ல, ஊரில் விட்டுவந்த தன் தாய்க்காக என்றார். இத்தனை வருடமும் அது எமக்குத் தெரியாது.

இதுவரை நாலு பக்கம் வந்திருக்கிறது. அவர் பார்த்துச் சரியென்றால் அடுத்த இதழுக்கு, இருவர் பெயரிலும் அனுப்புவோம்.