கரி தட்டும் கை

கரண்ட் போனதும் ஊரப்பாக்கம் அடுக்ககங்களில் ஜெனரேட்டர் உறுமும். 2016 டிசம்பரில் வர்தா புயல் மின்கம்பங்களைச் சாய்த்தபோது சென்னையின் தென்புறநகரில் பல வீடுகளுக்கு அதுதான் துணை. டீசல் ஜெனரேட்டரின் புகைக்குழாயில் பொருத்தும், தீப்பொறியைத் தடுக்கும் ஸ்பார்க் அரெஸ்டர் எனக்கு அத்தனை பிடித்த பொருள்.

அதற்குள் அசையும் பாகமே இல்லை. சாய்வான தகடுகள் புகையைச் சுழற்றிவிடும். கனமான கரித்துகள் சுவரோரம் ஒதுங்கி அறைக்குள் தங்கிவிடும். புகை மட்டும் வெளியேறும். கனன்ற துகள் ஒன்று காய்ந்த சருகில் விழுந்தால் போதும், தீப்பிடிக்கும். பெட்ரோலியக் கிடங்குக்குள் நுழையும் டேங்கர் லாரிக்கும் இந்த அரெஸ்டர் கட்டாயம்.

கைதேர்ந்த மெக்கானிக் இதைச் சுத்தம் செய்வது தனி அழகு. சூடு ஆறும்வரை பொறுத்திருப்பார். அடியிலுள்ள பிளக்கைக் கழற்றி, மரச்சுத்தியால் மெல்லத் தட்டுவார். பிறகு லோடு கொடுத்துச் சில நிமிடம் இன்ஜினை ஓட்டுவார். தளர்ந்த கரி ஓட்டை வழியே பறக்கும். ஆறியதும் அந்தக் கரியை விரலில் தேய்த்துப் பார்ப்பார். உலர்ந்திருந்தால் நல்லது. எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால், குறைந்த லோடில் நெடுநேரம் ஓடிய இன்ஜின் என்று சந்தேகிப்பார். கடைசியில் பிளக்கை இறுக்குவார்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஒவ்வொரு அடுக்ககமும் இதற்கு ஒரு நாள் ஒதுக்க வேண்டும்; செய்பவருக்கு நல்ல கூலியும் தர வேண்டும்.