செயற்கைக்கோளைக் காட்டும் கைப்பேசி: எதைப் பார்த்து வாங்குவது?

பெசன்ட் நகர் கடற்கரையில் ஒரு மாலைப் பொழுது என்று வைத்துக்கொள்வோம். சூரியன் மறைந்து முக்கால் மணி நேரம் ஆகிறது. மணலில் அமர்ந்திருக்கும் மாணவர் ஒருவர் தம் கைப்பேசியை வானத்தை நோக்கி உயர்த்துகிறார். பன்னாட்டு விண்வெளி நிலையம் வரும் இடம் இதுதான் என்று திரையில் ஒரு புள்ளி காட்டுகிறது. எல்லோரும் அந்தத் திசையையே பார்க்கிறார்கள். அங்கே ஒன்றும் இல்லை. ‘அதோ!’ என்று பக்கத்திலிருந்து ஒரு குழந்தை கூவுகிறது. திரை காட்டிய இடத்திலிருந்து நன்றாக இடப்புறம் தள்ளி, வெள்ளிக் கிரகம் போல் ஒளிரும் ஒரு புள்ளி அமைதியாக நகர்ந்துகொண்டிருக்கிறது.

தவறு எங்கே நேர்ந்தது? ‘இது பழைய போன், புதிதாக ஒன்று வாங்கினால் சரியாகக் காட்டும்’ என்பதுதான் பலருக்கும் முதலில் தோன்றும் விடை. தி.நகர்க் கடைகளுக்குப் போனால் 50 மெகாபிக்சல், 200 மெகாபிக்சல், ஐந்தாம் தலைமுறை என்று சிறப்புகளை அடுக்குவார்கள். ஆனால் 15,000 ரூபாயோ 20,000 ரூபாயோ ஒரு மாணவரின் வீட்டில் சிறு தொகை அன்று. ஆகவே பணத்தை எடுப்பதற்கு முன், இந்தக் கருவி உண்மையில் என்ன செய்கிறது, எதில் தவறுகிறது என்று ஆராய்வோம்.

கையில் ஒரு பஞ்சாங்கம்

கைப்பேசி தன் கேமராவால் செயற்கைக்கோளைக் கண்டுபிடித்துக் காட்டுகிறது என்று பலர் எண்ணுகிறார்கள். கேமராவை விரலால் மூடிப் பாருங்கள். பெரும்பாலான செயலிகளில் அந்தப் புள்ளி அப்படியே நிற்கும். ஏனெனில் கைப்பேசி செயற்கைக்கோளைக் காண்பதில்லை. அது எங்கே இருக்க வேண்டும் என்று கணக்கிடுகிறது.

மயிலாப்பூர் மாட வீதிக் கடைகளில் விற்கும் பஞ்சாங்கத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அமாவாசையும் கிரகணமும் எப்போது என்று அது முன்கூட்டியே சொல்வது கணக்கினால்தான். பழைய வாய்பாடுகளை மாற்றாமல் கணிப்பது வாக்கியம். வானத்தை நோக்கிக் கண்ட திருத்தங்களைச் சேர்த்துக் கணிப்பது திருக்கணிதம். சென்னை வானாய்வுக் கூடத்தில் பணியாற்றி, 1867-ஆம் ஆண்டில் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி, திருக்கணிதத்துக்காக வாதாடியவர்.

கைப்பேசிச் செயலியிலும் இந்த வேறுபாடு உண்டு. விண்வெளி நிலையம் ஏறத்தாழ 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிறது. அங்கும் மிக மெல்லிய காற்று உண்டு. அது நிலையத்தின் பாதையைச் சிறிது சிறிதாகத் தாழ்த்துகிறது. அவ்வப்போது எஞ்சினை இயக்கி அதை மீண்டும் உயர்த்துகிறார்கள். ஆகவே அதன் பாதையைக் குறிக்கும் எண்களை அடிக்கடி புதுப்பிக்க வேண்டியிருக்கிறது. ஒரு மாதத்துக்கு முன் இறக்கிய எண்களை வைத்துக்கொண்டு இன்று மாலை வானத்தைத் தேடினால், நிலையம் குறித்த நேரத்துக்கு முன்போ பின்போதான் வரும். இதற்குப் புதிய கைப்பேசி வேண்டாம். புறப்படும் முன் இணையத்தில் இணைத்துச் செயலியைப் புதுப்பித்தால் போதும்.

நான்கு கேள்விகள்

செயற்கைக்கோளைச் சுட்டிக்காட்டக் கைப்பேசிக்கு நான்கு விவரங்கள் தேவை: செயற்கைக்கோளின் பாதை என்ன? இப்போது மணி என்ன? நீங்கள் நிற்கும் இடம் எது? கைப்பேசி எந்தத் திசையை நோக்கியிருக்கிறது? முதற் கேள்வியைப் பார்த்துவிட்டோம். மற்ற மூன்றிலும் எந்தக் கைப்பேசி எவ்வளவு தேறுகிறது என்று பார்ப்போம்.

நேரம் மிக முக்கியமானது. விண்வெளி நிலையம் வினாடிக்கு 7.6 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் செல்கிறது. தலைக்கு மேலே வரும்போது ஒரு வினாடியில் ஏறத்தாழ ஒரு பாகை நகர்ந்துவிடும். அதாவது முழு நிலவின் அகலத்தைப் போல் இரு மடங்கு. ஆயினும் கவலை இல்லை. விலை குறைந்த கைப்பேசியும் வலைப்பின்னலிலிருந்து நேரத்தைப் பெற்றுத் தன்னைத் திருத்திக்கொள்கிறது.

இடம் பற்றியும் கவலை வேண்டாம். நீங்கள் நிற்கும் இடத்தை ஒரு கிலோமீட்டர் தவறாகக் கொண்டாலும், 400 கிலோமீட்டர் உயரத்தில் உள்ள பொருளின் திசையில் பாகையில் ஏழில் ஒரு பங்குதான் பிசகும். அது கண்ணுக்கே தெரியாது. கைப்பேசியோ உங்கள் இடத்தைச் சில மீட்டர்களுக்குள் அறியும்.

இங்கே விளம்பரங்களைச் சற்று உரசிப் பார்க்க வேண்டும். ‘நாவிக் வசதி உண்டு’ என்று சில பெட்டிகளின் மேல் அச்சிட்டிருப்பதைக் காணலாம். நாவிக் நம் நாட்டின் வழிகாட்டும் செயற்கைக்கோள் அமைப்பு. அதன் முதற் கோள் 2013 ஜூலை 1 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது; 2016-ல் இப்பெயர் சூட்டப்பட்டது. அதன் கோள்கள் இந்தியாவைக் கருத்தில் கொண்டே நிறுத்தப்பட்டவை. ஆகவே அவற்றில் சில நம் வானத்தில் உயரத்திலேயே நிற்கும். ரங்கநாதன் தெரு போன்ற குறுகிய தெருக்களில், அடிவானத்தை ஒட்டிய கோள்களைக் கட்டடங்கள் மறைத்துவிடும். உயரத்தில் உள்ளவற்றை அவ்வளவு எளிதாக மறைக்க இயலாது. எனவே தெருவில் வழி தேடுபவருக்கு நாவிக் உதவக்கூடியதே. ஆனால் வானத்தில் செயற்கைக்கோளைத் தேடுபவருக்கு அதனால் கூடுதல் பயன் இல்லை. இடத்தை ஐந்து மீட்டருக்குப் பதில் இரண்டு மீட்டருக்குள் அறிந்துகொள்வதால் திரையில் உள்ள புள்ளி இம்மியும் நகராது.

தவறு நேரும் இடம்

எஞ்சியிருப்பது நான்காம் கேள்வி: திசை. கைப்பேசிகள் ஒன்றுக்கொன்று வேறுபடுவது இங்கேதான். இதற்காக அதனுள் மூன்று சிறிய உணர்கருவிகள் இருக்க வேண்டும். கடைக்காரர் அவற்றைச் சென்சார் என்பார்.

முதலாவது முடுக்கமானி. கீழ்ப்பக்கம் எது என்று புவியீர்ப்பைக் கொண்டு அறிவது இது. கைப்பேசி எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதை இது நன்றாகவே சொல்லிவிடும். எல்லாக் கைப்பேசிகளிலும் இது உண்டு எனலாம். இரண்டாவது காந்தமானி, வடக்கு எது என்று சொல்லும் திசைகாட்டி. மூன்றாவது கைரோஸ்கோப் என்னும் சுழல் உணர்கருவி. கைப்பேசியைத் திருப்பும்போது எவ்வளவு திரும்பியது என்று உடனுக்குடன் அளந்து, திரையில் உள்ள படம் நடுங்காமல் நகரச் செய்வது இதுவே. விலை குறைந்த பல கைப்பேசிகளில் கைரோஸ்கோப் இல்லை. சிலவற்றில் காந்தமானியும் இல்லை. காந்தமானி இல்லாத கைப்பேசியில் நீங்கள் எப்பக்கம் திரும்பினாலும் திரையில் உள்ள வானம் உங்களோடு சேர்ந்து சரியாகத் திரும்பாது.

கடற்கரை மாணவரின் புள்ளி மேலோ கீழோ தவறாமல் பக்கவாட்டில் தவறியது ஏன் என்பது இப்போது விளங்கும். உயரத்தைச் சொல்லும் முடுக்கமானி தன் வேலையைச் சரியாகவே செய்தது. பிசகியது காந்தமானி.

இதில் சென்னைக்கு இயற்கை ஒரு சலுகை தந்திருக்கிறது. புவியின் காந்த நடுக்கோடு தமிழகத்தின் தென்கோடியில், திருநெல்வேலிக்கு அருகில் செல்கிறது. அதனால் சென்னையில் புவிக் காந்தப் புலம் ஏறத்தாழ கிடைமட்டமாகவே இருக்கிறது. அதன் அளவு சுமார் 40 மைக்ரோடெஸ்லா. வட ஐரோப்பாவில் புலத்தின் பெரும்பகுதி பூமிக்குள் செங்குத்தாகச் சாய்ந்துவிடுவதால், திசைகாட்டிக்குப் பயன்படும் கிடைமட்டப் பகுதி குறைவு. நமக்கு அக்குறை இல்லை. காந்த வடக்குக்கும் உண்மையான வடக்குக்கும் சென்னையில் உள்ள வேறுபாடும் மிகச் சிறியது.

இயற்கை கொடுத்ததைக் கெடுப்பவர்கள் நாம்தான். மொட்டை மாடியின் கம்பி போட்ட கான்கிரீட், தண்ணீர்த் தொட்டியைத் தாங்கும் இரும்புச் சட்டம், இரும்புக் கைப்பிடிச் சுவர், உஸ்மான் சாலையில் நிற்கும் கார்கள் ஆகிய யாவும் காந்தப் புலத்தை வளைக்கின்றன. இன்னும் கொடிய பகைவன் சிலருடைய கைப்பேசியோடு ஒட்டியே இருக்கிறான்: காந்தப் பூட்டு வைத்த உறை. முதலில் அதைக் கழற்றுங்கள். கைப்பேசியைக் காற்றில் 8 போலச் சுழற்றும்படி செயலி கேட்கும், செய்வது நல்லதே. ஆனால் அது கைப்பேசிக்குள் இருக்கும் காந்தத்தால் வரும் பிழையை மட்டுமே நீக்கும். பக்கத்தில் இருக்கும் இரும்பை அது ஒன்றும் செய்யாது.

கடையில் செய்ய வேண்டிய சோதனை

புதிய கைப்பேசி வாங்குவது என்று ஏற்கெனவே முடிவாகியிருந்தால், இவ்வளவு செய்யுங்கள். விவரப் பட்டியலில் காந்தமானியும் கைரோஸ்கோப்பும் தனித்தனியே குறிக்கப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். ‘வர்ச்சுவல் கைரோ’ என்றிருந்தால், கருவி இல்லை, மற்றக் கருவிகளைக் கொண்டு ஊகிக்கிறார்கள் என்று பொருள். உணர்கருவிகளின் அளவைக் காட்டும் இலவசச் செயலிகள் உள்ளன. நண்பர் ஒருவரிடம் அதே ரகக் கைப்பேசி இருந்தால் அதில் இறக்கிப் பாருங்கள். திறந்த மைதானத்தில் காந்தமானி 40-க்கு அருகில் காட்ட வேண்டும். கடைக்குள் 60, 70 என்று காட்டினால் கைப்பேசியைக் குறை கூறாதீர்கள். சுற்றியுள்ள இரும்பு அலமாரிகளின் வேலையாக இருக்கும்.

கேமராவின் மெகாபிக்சலுக்கு இந்த வேலையில் மதிப்பெண் இல்லை. விண்வெளி நிலையம் செல்லும் கோட்டைப் படம் பிடிக்க விரும்பினால், சில வினாடிகள் திறந்திருக்கும் வசதியும் ஒரு முக்காலியும் போதும்.

மொட்டை மாடியில் ஓர் உரைகல்

வாங்கிய பின் சோதிப்பது எப்படி? உங்கள் மாடியிலேயே ஒரு நல்ல உரைகல் இருக்கலாம். டாட்டா பிளே நிறுவனத்தின் ஒளிபரப்பு 2022-ல் ஏவப்பட்ட ஜிசாட்-24 வழியாக வருகிறது. அது நிலநடுக்கோட்டுக்கு மேல், 83 பாகை கிழக்கில், 36,000 கிலோமீட்டர் உயரத்தில் அசையாமல் நிற்பதுபோல் சுற்றுகிறது. சென்னையிலிருந்து கணக்கிட்டால் அது நேர் தெற்கிலிருந்து 12 பாகை கிழக்கே தள்ளி, 74 பாகை உயரத்தில் இருக்கிறது. தட்டைப் பொருத்தியவர் திசைகாட்டியை மட்டும் நம்பவில்லை. படம் தெளிவாக வரும் வரை திருப்பிப் பார்த்தே முடுக்கினார். ஆகவே அத்தட்டு நோக்கும் திசையை நான்கைந்து பாகைக்குள் நம்பலாம். அதிலிருந்து சில அடி விலகி நின்று உங்கள் கைப்பேசித் திசைகாட்டியோடு ஒப்பிடுங்கள். இருபது பாகை வேறுபட்டால் எது தவறு என்று சொல்ல வேண்டியதில்லை. உயரத்தை மட்டும் தட்டைப் பார்த்து மதிப்பிடாதீர்கள். அதன் வடிவமைப்பின்படி, முகம் செயற்கைக்கோளைவிடத் தாழ்வாகவே நோக்கியிருக்கும்.

இதைவிட எளிய சோதனையும் உண்டு. செயற்கைக்கோளைத் தேடுவதற்கு முன் நிலவைத் தேடச் சொல்லுங்கள். நிலவு இல்லாத இரவில் வியாழனோ மிருகசீரிடமோ போதும். கையை நீட்டி முஷ்டியை மூடினால் அதன் அகலம் சுமார் 10 பாகை. திரையில் உள்ள நிலவு, வானத்து நிலவுக்கு ஒரு முஷ்டி வலப்புறம் தெரிந்தால், அதே பக்கம் வரப்போகும் செயற்கைக்கோளும் ஏறத்தாழ அவ்வளவே பிசகித் தெரியும். அந்த அளவைக் கழித்துக்கொண்டு பாருங்கள்.

செயலிகளின் மீது ஒரு குறை

இத்தனைக்கும் பிறகு செயலிகளை ஆக்கியவர்கள் மீது ஒரு குறை சொல்லியே ஆக வேண்டும். திசையில் ஒரு முஷ்டி அகலத்துக்கு ஐயம் இருக்கும்போதும், அவர்கள் ஊசிமுனை போன்ற புள்ளியையே வரைகிறார்கள். ‘இந்த வட்டத்துக்குள் எங்கேனும் இருக்கும்’ என்று ஒரு வட்டம் வரைந்தால் அதுவே நேர்மையானது. அளவோடு அதன் பிழையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று பள்ளிச் சோதனைக் கூடத்தில் நமக்குக் கற்பிக்கிறார்களே! மேலும், வெறுங் கண்ணுக்கு ஒருபோதும் தெரியாத தொலைக்காட்சிக் கோள்களையும், மாலையிலும் விடியலிலும் பளிச்சென்று தெரியும் விண்வெளி நிலையத்தையும் ஒரே மாதிரிப் புள்ளியாகக் காட்டினால், புதிதாகப் பார்ப்பவர் இல்லாததைத் தேடிக் களைத்துப் போவார். தம் கண் மீதே ஐயம் கொள்வார். இந்த இழப்பு பண இழப்பைவிடப் பெரிது.

முடிவாக

புதிய கைப்பேசி வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் காந்தமானி, கைரோஸ்கோப், இருளில் கண்ணைக் கூசாத மங்கலான சிவப்புத் திரை என்ற வரிசையில் பாருங்கள். செயற்கைக்கோளுக்காக மட்டும் என்றால் வாங்க வேண்டாம். எந்த மணிக்கு, எந்தத் திசையில் தோன்றி, எவ்வளவு உயரம் ஏறி, எங்கே மறையும் என்ற அட்டவணையை எந்தக் கைப்பேசியும் இறக்கித் தரும். திசையை வானமே சொல்லும்.

நுங்கம்பாக்கத்தில் 1792-ல் எழுந்த வானாய்வுக் கூடத்தின் கருங்கல் தூண் இன்றும் வானிலை ஆய்வு மைய வளாகத்தில் நிற்கிறது. அங்கு பணியாற்றியவர்கள் காந்த முள்ளை நம்பித் திசையை வகுக்கவில்லை. விண்மீன்களைப் பார்த்தே வகுத்தார்கள். சென்னையில் துருவ விண்மீன் வட அடிவானத்துக்கு மேல் 13 பாகை உயரத்தில், அதாவது ஒரு முஷ்டிக்குச் சற்று மேலே இருக்கிறது. தெளிவான ஓரிரவில் அதைத் தேடிப் பிடியுங்கள். உங்கள் மாடியிலிருந்து அது எந்தத் தென்னைக்கு, எந்தக் கட்டடத்துக்கு மேலே தெரிகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை விண்வெளி நிலையம் வரும்போது அட்டவணையை ஒருமுறை பார்த்துவிட்டுக் கைப்பேசியைச் சட்டைப் பையில் போட்டுவிடலாம்.