கருச்சிதைவும் சட்டத்தின் சொல்லும்

கருக்கலைப்பைப் பற்றித் தமிழில் நிகழும் சொற்போர்கள் பெரும்பாலும் அது பாவமா, உரிமையா என்னும் ஒரே வினாவில் நின்றுவிடுகின்றன. அவ்வினா பெரிதே. ஆயினும் அதற்கு முன்னர்க் கேட்கப்பட வேண்டிய வினா மற்றொன்றுண்டு. முடிவு செய்பவர் யார்?

அமெரிக்காவில் இவ்வினாவுக்கு 2022ஆம் ஆண்டு ஜூன் 24ஆம் நாள் புதிய விடை கிடைத்தது. 1973இல் தான் அளித்த தீர்ப்பை உச்ச நீதிமன்றமே தள்ளி, அந்தந்த மாநிலம் முடிவு செய்க என்றது. அதனைப் படித்துவிட்டு அதே அளவுகோலால் மலேசியாவை அளப்பது பொருந்தாது. ஜொகூர்ச் சட்டமன்றம் விரும்பினாலும் இப்பொருளில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற இயலாது. தண்டனைச் சட்டம் கூட்டரசின் அதிகாரத்துக்குட்பட்டது. ஆகவே ஜொகூர்த் தமிழர் ஆராய வேண்டியது கோலாலம்பூர் நாடாளுமன்றத்தின் கையிலுள்ள 312ஆம் பிரிவின் வாசகத்தையே.

அப்பிரிவு இந்நாட்டில் பிறந்ததன்று. மெக்காலே தலைமையிற் 1837இல் வரையப்பட்டு, 1860இல் இந்தியாவில் நிறைவேறிய சட்டம், 1871இல் நீரிணைக் குடியேற்றங்களுக்கு வந்து, பின்னர் மலாயாவெங்கும் பரவியது. எண்கூட மாறவில்லை, 2024இல் இந்தியா புதுச்சட்டம் கொணரும்வரை அங்கும் அது 312தான். கருச்சிதைவை உண்டாக்குவோர்க்கு மூன்றாண்டு வரை சிறை; கருவின் அசைவு தோன்றிய பின்னராயின் ஏழாண்டு வரை. அதன்கீழ் ஒரு விளக்கம் உளது: தன் கருவைத் தானே சிதைத்துக்கொள்ளும் பெண்ணும் இப்பிரிவுள் அடங்குவாள் என்பது. அடுத்துள்ள 313ஆம் பிரிவோ, பெண்ணின் இசைவின்றி அச்செயலைச் செய்வோரை மிகக் கடுமையாகத் தண்டிக்கிறது. இரண்டையும் சேர்த்துப் படிப்போர்க்கு ஒன்று புலனாகும். பெண்ணுக்கு இசைவு என ஒன்றுண்டு என்பதைச் சட்டம் நன்கறியும். அவள் இசையாதபோது அதற்குப் பெருமதிப்புத் தருகிறது. இசைந்தபோது அவளையே குற்றவாளியாக்குகிறது.

தமிழாசிரியர்க்கு இவ்விடத்தில் ஒரு பழஞ்செய்யுள் நினைவுக்கு வரும். ஆலத்தூர் கிழார் கிள்ளிவளவனைப் பாடிய புறநானூற்று 34ஆம் பாட்டே அது. கருவை அழித்தலைக் கொடும்பாவங்களுள் ஒன்றாக எண்ணி, அதற்கும் கழுவாய் உண்டு, நன்றி கொன்றார்க்கு இல்லை என்று அறநூலைச் சான்று காட்டிப் பேசுகிறது அப்பாட்டு. கருக்கலைப்பைத் தமிழ்ப் பண்பாடு அன்றே கடிந்தது என்று காட்ட விழைவோர் இதனை மேற்கோளாக எடுத்தாளலாம். கடிந்தது உண்மையே. ஆனால் யாரைக் கடிந்தது? மகளிருடைய கருவை அழித்தோர் என ஆறாம் வேற்றுமை விரித்தே பொருள் கொள்ளப்படுகிறது. ஆங்கே அழிப்போர் பிறர். கரு மகளிர்க்கு உரியது. இழப்புக்கு ஆளானவளைப் பாவியென்று பாட்டு கூறவில்லை. அதாவது, பாட்டின் பொருள் 313ஆம் பிரிவுக்கு நெருங்கியது. 312இன் விளக்கத்துக்கு அன்று. கழுவாய் உண்டு எனக் கூறியதையும் மேற்கோள் காட்டுவோர் மறத்தலாகாது.

பேச்சு வழக்கும் இதில் ஒரு நுட்பம் காட்டுகிறது. 'கலைத்தாள்' என்பது பிறவினை; 'கலைந்தது' என்பது தன்வினை. வீட்டுப் பெண்டிர் தானே நேர்ந்ததற்கும் வேண்டிச் செய்ததற்கும் 'கலைந்துவிட்டது' என்ற ஒரு சொல்லையே வழங்குவதுண்டு. செய்தவளை மறைக்கும் கருணை அச்சொல்லில் இருக்கிறது. அவளுக்கு முடிவென ஒன்று இருந்ததையும் அது உடன் மறைத்துவிடுகிறது.

சட்டத்துக்கு மீள்வோம். தாயின் உயிரைக் காக்கும் நன்னோக்கம் ஒன்றையே முன்னாளில் சட்டம் விலக்காக ஏற்றது. 1985ஆம் ஆண்டுச் சட்ட அறிக்கையில் வெளியான வழக்கொன்றில், உயிருக்கு இடர் உண்டெனக் கருதுதற்குப் போதிய ஆய்வு செய்யப்படவில்லை என்று கூறி, உயர் நீதிமன்றம் மகப்பேற்று மருத்துவர் ஒருவரைக் குற்றவாளியாகத் தீர்த்தது. மருத்துவ உலகம் அஞ்சிற்று. 1989இல் பிரிவு திருத்தப்பட்டது. கருவை வளரவிடுதல், நீக்குவதைக் காட்டிலும் மிகுதியாகத் தாயின் உயிருக்கோ, உடல்நலத்துக்கோ, மனநலத்துக்கோ கேடு தருமெனப் பதிவுபெற்ற மருத்துவர் நன்னம்பிக்கையுடன் கருதின், அவர் செய்வது குற்றமன்று. பிரிட்டனின் 1967ஆம் ஆண்டுச் சட்டத்தின் சாயல் இதில் தெளிவாக உளது.

நல்ல திருத்தமே, மனநலத்தைச் சேர்த்தது பெரிய காரியம். எனினும் அவ்வாக்கியத்தை இலக்கண மாணவன் ஒருவனிடம் கொடுத்தால் எழுவாய் மருத்துவர் என்பான். பெண் எங்கே? கேடு அடையக்கூடிய உடலாகவும் மனமாகவும் மட்டுமே இருக்கிறாள். அவள் விருப்பம் வாக்கியத்தில் இல்லை. வன்கொடுமையால் உண்டான கருவும் பெயர் கூறப்படவில்லை. அதுவும் மனநலம் என்னும் வாயில் வழியே நுழைய வேண்டும். வாயிற்காவலர் மருத்துவர். சட்டம் ஒரு மருத்துவரின் கருத்தே போதும் என்றிருக்க, சுகாதார அமைச்சு 2012இல் அரசு மருத்துவமனைகளுக்கு வெளியிட்ட வழிகாட்டி இருவர் கருத்தைக் கேட்கிறது. லாபிஸிலோ குளுவாங்கிலோ கூலி வேலை செய்யும் பெண்ணுக்கு ஒரு மருத்துவரைக் காண்பதே அரைநாட் கூலியின் இழப்பு. அம்மருத்துவர் சட்டத்தை அறியாதவராயினும், அஞ்சியவராயினும், தம் சமயநெறி கருதி மறுப்பவராயினும் அவளுக்கு விளைவு ஒன்றே.

மறுப்போர் கூற்றையும் எளிதாய்த் தள்ளுதல் கூடாது. கருவும் உயிரே என்பார்க்கு இது தனியொருத்தியின் விருப்பம் அன்று. ஆனால் உயிர் எப்பொழுது முழுமை பெறுகிறது என்பதில் சமயங்கள் ஒத்துக் கூறவில்லை. இசுலாமிய அறிஞர் 120 நாளை எல்லையாகப் பேசுவர், கத்தோலிக்கர் முதல் நாளையே கொள்வர். அவை தம்மைச் சார்ந்தோரின் மனச்சான்றை வழிநடத்தலாம். அனைவர்க்கும் உரிய தண்டனைச் சட்டத்தில் ஒன்றின் அளவை மட்டும் எழுதுதல் அறமாகாது. இதனினும் வலிய மறுப்பு வேறொன்று. முடிவு பெண்ணுடையது எனின், அது உண்மையில் அவளுடையதுதானா? தமிழ்நாட்டில் பெண் மகவை வேண்டாது ஒதுக்கிய கொடுமையால் 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டமும், 1994இல் கருவின் பாலறிதலைத் தடுக்கும் நடுவணரசுச் சட்டமும் வேண்டியிருந்தன. கணவனும் மாமியும் வற்புறுத்தப் பெண் தலையசைப்பதை இசைவு எனல் தகாது. இவ்வாதம் வலிமையுடையதே. ஆனால் இது காட்டும் தீர்வு, பெண்ணிடமிருந்து முடிவைப் பறித்தலன்று. பிறர் இல்லாத அறையில் அவளைத் தனியே கேட்டு, அவள் கையெழுத்தைப் பெறுதல்.

அப்படியொரு சட்டம் தொலைவில் இல்லை. ஜொகூர் பாருவிலிருந்து பாலத்தைக் கடந்தால் சிங்கப்பூர். அங்கும் அதே 312ஆம் பிரிவு உளது. ஆயினும் 1969இல் ஒரு தனிச்சட்டம் இயற்றி, 1974இல் அதனை விரித்து, 24 வாரம் வரை பெண்ணின் எழுத்து மூலமான இசைவுடன் மருத்துவர் கருவை நீக்கலாம் என்றனர். எவரும் அக்கரை சென்று அதனைப் பெறுதல் இயலாது. குடியுரிமையோ, வேலை அனுமதியோ, நான்கு மாத வசிப்போ வேண்டும்; உயிரைக் காக்கும் அவசரத்துக்கே விலக்கு. எனவே ஜொகூர் பாருவில் ஒரே அடுக்குமாடியில் வாழும் இரு தமிழ்ப் பெண்களுள், விடியுமுன் பேருந்தேறிச் சிங்கப்பூரில் வேலை பார்ப்பவளின் கையெழுத்துக்கு அச்சட்டத்தில் இடமுண்டு. ஊரிலேயே வேலை பார்க்கும் அண்டை வீட்டாளோ மருத்துவரின் கருத்துக்காகக் காத்திருக்க வேண்டும். பொறுக்காமல் தானே ஏதேனும் செய்துகொண்டாள் எனின், 1871இல் வந்த அவ்விளக்கம் இன்றும் அவள் பெயரை எழுதக் காத்திருக்கிறது.