வரைதாளில் ஒரு கண்மாய்

காளவாசல் என்றால் சூளை. எங்கள் பகுதியில் இன்று சூளை எதுவும் இல்லை, மேம்பாலம் இருக்கிறது. பெயராவது கட்டட வேலையை நினைவூட்டிக்கொண்டிருக்கிறதே என்று திருப்திப்பட வேண்டியதுதான். எங்கள் தெருவில் ஒரே வீட்டில் அண்ணனும் தங்கையுமாக இரண்டு பேர் சிவில் என்ஜினீயரிங்குக்குப் போனார்கள். அண்ணன், அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017-ஆம் ஆண்டுப் பாடத்திட்டத்தின்படி படித்துத் தேறியவன். தங்கை 2022-இல் சேர்ந்தவள். இருவருடைய தாள்களையும் நோட்டுகளையும் வாங்கி, ஒரு நாவலைப் படிக்கிற மாதிரி படித்துப் பார்த்தேன்.

நானோ கல்லூரியில் இரண்டு வருஷத்தோடு நின்றவன். எனக்கு இதைப் பற்றிப் பேச என்ன யோக்கியதை என்று கேட்கலாம். நாவல்களைப் பற்றித் தீர்ப்புச் சொல்கிறவர்கள் எல்லோரும் நாவல் எழுதியவர்களா, என்ன? அந்தத் துணிச்சல்தான்.

அண்ணனுக்குப் பாசனப் பொறியியலையும் சுற்றுச்சூழல் பொறியியலையும் சேர்த்து ஒரு வரைபடப் பாடம் உண்டு. அதில் அவன் வரைந்த கண்மாய்க் கலுங்கைத் தரையில் விரித்துக் காட்டினான். அழகான தாள். அஸ்திவாரம், மேல்தோற்றம், குறுக்குவெட்டு, ஒரு கோடுகூடப் பிசகவில்லை. பக்கத்தில் கணக்கு. கண்மாய்க்கு உரிய மொத்த நீர்ப்பிடிப்பு 25.89 சதுர கிலோமீட்டர். அதில் 20.71 சதுர கிலோமீட்டரில் விழும் மழையை மேலேயுள்ள கண்மாய்கள் தடுத்து வாங்கிக்கொள்கின்றன. ரைவ்ஸ் என்ற வெள்ளைக்காரர் 1884-இல் சொன்ன சூத்திரம் ஒன்று இருக்கிறது. பரப்பை வர்க்கமாக்கி, அதன் கனமூலத்தை ஓர் எண்ணால் பெருக்க வேண்டும். மொத்தப் பரப்புக்கு 9, மேற்கண்மாய்களின் பரப்புக்கு 1.5. முன்னதிலிருந்து பின்னதைக் கழித்தால், கலுங்கின் மேல் நொடிக்கு 67 கனமீட்டர் சொச்சம் தண்ணீர் போகும் என்று விடை வருகிறது.

“கழிக்காமல் விட்டால், தம்பி?”

“எப்படி சார் விடுவது? கணக்கிலேயே கொடுத்திருக்கிறார்களே.”

“மேலே இருக்கிற கண்மாய்களைத் தூர்த்துப் பிளாட் போட்டுவிட்டார்கள் என்று வைத்துக்கொள்.”

அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு தாளின் மூலையில் பென்சிலால் 79 என்று எழுதினான்.

என் குறை இதுதான். மேலேயுள்ள கண்மாய்கள் இந்தத் தாளில் வெறும் கழித்தல் குறியாக வருகின்றன. கீழே இருக்கிற கண்மாய் எண்ணாகக்கூட வரவில்லை. பாத்திரங்களை நன்றாகப் படைத்துவிட்டு ஊரை மறந்துபோன கதைபோல் இருக்கிறது. நம் சமவெளியில் கண்மாய் அநேகமாகத் தனித்து நிற்பதில்லை. ஒன்றின் மறுகால்தான் அடுத்ததற்கு வரத்து. 2024 அக்டோபர் 25-ஆம் தேதி மதுரையில் பெய்த மழையில் செல்லூர்க் கண்மாய் நிரம்பியது. பந்தல்குடி வாய்க்கால் கொள்ளாமல் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. உபரி நீரை வெளியேற்றுவது எப்படி என்று தாள் சொல்லிக்கொடுக்கிறது. வெளியேறிய நீர் யார் வீட்டுக்குப் போகிறது என்பது தாளின் ஓரத்துக்கு அப்பால் நடக்கிற விஷயம்.

தங்கையின் நோட்டு வேறு ரகம். 2022 முதல் எல்லாப் பிரிவு மாணவர்களுக்கும், கம்ப்யூட்டர் படிப்பவர்களுக்கும் சேர்த்தே, முதல் வருஷத்தில் ‘தமிழர் மரபு’, ‘தமிழரும் தொழில்நுட்பமும்’ என்று இரண்டு பாடங்கள். ஒவ்வொன்றுக்கும் 15 மணி நேரம். அணை, ஏரி, குளம், மதகு, சோழர் காலத்துக் குமிழித் தூம்பு எல்லாவற்றுக்குமாக 3 மணி நேரம். வைத்ததற்குச் சந்தோஷம்தான், என் வயதுக்காரர்களுக்கு இதுவும் கிடைக்கவில்லை. ஆனால் அவள் நோட்டில் இருப்பது வியப்பு மட்டுமே. ஏரிக்குள்ளே கல்தொட்டி, மேலே நீர் போகத் துளை, கீழே சேறு போகத் துளை, அடைப்புக் கல்லைத் தூக்கினால் தண்ணீரோடு வண்டலும் கரைக்கு அடியிலுள்ள சுருங்கை வழியாக வயலுக்குப் போகும். சரி, துளை எத்தனை அங்குலம்? எவ்வளவு ஆழத்தில் எவ்வளவு நீர் போகும்? கேள்வியே இல்லை. இலக்கிய விமர்சனத்திலும் இந்த இரண்டு ஜாதிகள் உண்டு. ஒருவர் சீரும் தளையும் எண்ணுவார், இன்னொருவர் ‘ஆகா!’ என்பார். இருவரும் ஒரே கவிதையைப் படித்தவர்கள் என்று நம்புவது கஷ்டம்.

ஒரே வீட்டில் கணக்கு ஓர் அறையிலும் பெருமை ஓர் அறையிலுமாக இருக்கின்றன. அந்தத் துளையைக் கணக்குப் போட அண்ணனுக்குத் தெரியும். போடச் சொல்லித்தான் யாரும் கேட்கவில்லை. பரீட்சைக் கேள்வியில் எண்களைத் தட்டில் வைத்துக் கொடுக்காமல், மாடக்குளம் கண்மாய்வரை போய் வரச் சொன்னால் என்ன? காளவாசலிலிருந்து நடக்கிற தூரம்தான். வரத்து எங்கிருந்து, மறுகால் எங்கே, நடுவில் எத்தனை வீடு என்று பார்த்து எழுதட்டும். கோடுகள் கொஞ்சம் பிசகினாலும் நான் மார்க் போடுவேன்.

அண்ணன் இப்போது ஓர் அடுக்குமாடிக் கட்டட வேலையில் சைட் என்ஜினீயர். மனைப் படத்தின் ஓரத்தில் ‘பழைய வாய்க்கால்’ என்று ஒரு கோடு போகிறதாம். எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். தெரியாது என்றான். வருகிற ஞாயிற்றுக்கிழமை தங்கையையும் அழைத்துக்கொண்டு அந்தக் கோட்டின் மேலேயே நடந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறான்.